டிஎன்ஏ நகலெடுப்பை எப்போது தொடங்குவது என்று செல் எப்படி முடிவு செய்கிறது? ஒரு முழுமையான வழிகாட்டி

மனித செல் ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். சுமார் 640 கோடி எழுத்து ஜோடிகள். நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர். இத்தனையும் 8 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இந்த வேகம் பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: ஒரு துண்டுகூட விட்டுப்போவதில்லை, ஒரு துண்டுகூட இரண்டாம் முறை நகலாவதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இதன் சிரமம் புரியும். மனிதர்களின் 1-ஆம் குரோமோசோமில் சுமார் 25 கோடி எழுத்து ஜோடிகள் உள்ளன. நம் செல்களில் நகலெடுக்கும் இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 எழுத்துகள் நகரும். ஒரே இடத்தில் தொடங்கி இரு பக்கமும் ஓடினால் நிமிடத்துக்கு 4,000. அப்படியானால் அந்தக் குரோமோசோமை முடிக்க 62,500 நிமிடம், அதாவது 43 நாள் ஆகும். எட்டு மணி நேரத்தில் முடிய வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் பல இடங்களில் வேலை நடக்க வேண்டும். அதனால்தான் நம் செல் ஒவ்வொரு முறையும் பல பத்தாயிரம் இடங்களில் நகலெடுப்பைத் தொடங்குகிறது.

சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. இத்தனை ஆயிரம் இடங்களில் எது தொடங்கியது, எது இன்னும் தொடங்கவில்லை என்று செல் எப்படித் தெரிந்துகொள்கிறது? அதனிடம் பதிவேடு எதுவும் கிடையாது. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான விடைதான். படிப்படியாகப் போவோம்.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

டிஎன்ஏ என்பது ஒன்றையொன்று சுற்றிய இரண்டு இழைகள். ஒவ்வொரு இழையும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளின் தொடர். நகலெடுக்க இழைகளைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் நொதிக்கு ஹெலிகேஸ் என்று பெயர். பிரிந்த இடம் மரக்கிளை கவைத்தது போல இருப்பதால் அதைக் கவை என்கிறோம். கவை தொடங்கும் இடம் தொடக்கப்புள்ளி. செல்லின் வாழ்க்கைச் சுழற்சியில் நான்கு கட்டங்கள்: ஜி1 (தயாராகும் காலம்), எஸ் (நகலெடுக்கும் காலம்), ஜி2 (சரிபார்க்கும் காலம்), எம் (பிரியும் காலம்). இவ்வளவு போதும்.

படி 1: பாக்டீரியாவில் தொடங்குங்கள்

மனித செல்லுக்கு நேராகப் போனால் புரதங்களின் பெயர்களிலேயே தலை சுற்றிவிடும். ஈ. கோலை பாக்டீரியாவில் ஒரே வட்டக் குரோமோசோம், சுமார் 46 லட்சம் எழுத்து ஜோடிகள், ஒரே ஒரு தொடக்கப்புள்ளி. அதன் பெயர் ஓரிசி. நீளம் 245 எழுத்து ஜோடிகள் அளவுதான்.

ஒரு குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசை இருக்கும், அதில் ஒரு புரதம் வந்து உட்கார்ந்து நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் என்ற கருத்தை 1963-இல் பிரான்சுவா ஜேக்கப், சிட்னி பிரென்னர், பிரான்சுவா குசான் மூவரும் முன்வைத்தார்கள். ஈ. கோலையில் அந்தப் புரதம் டிஎன்ஏஏ. இது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைப் பிடித்திருக்கும்போது மட்டுமே முழு வேலைக்குத் தயார். ஏடிபி உடைந்து, இரண்டு பாஸ்பேட் மட்டும் கொண்ட சோர்ந்த வடிவத்துக்கு மாறிவிட்டால் டிஎன்ஏஏவால் தொடங்கிவைக்க முடியாது. தயார் நிலையில் உள்ள டிஎன்ஏஏ மூலக்கூறுகள் ஓரிசியில் வரிசையாக ஒட்டி, பக்கத்தில் உள்ள ஏ, டி எழுத்துகள் நிறைந்த பகுதியை முறுக்கித் திறக்கின்றன. ஏ-டி ஜோடியைப் பிணைப்பவை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள், ஜி-சி ஜோடியைப் பிணைப்பவை மூன்று. அந்தப் பகுதி எளிதில் திறந்துகொள்ள இதுவும் ஒரு காரணம். திறந்த வாயில் ஹெலிகேஸ் ஏற்றப்படுகிறது, கவைகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன.

சரி, தொடங்கியாயிற்று. அடுத்த நொடியே அதே இடத்தில் மறுபடி தொடங்காமல் எது தடுக்கிறது? இங்கே செல் மூன்று காரியம் செய்கிறது.

முதலாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஈ. கோலை தன் டிஎன்ஏவில் ஜிஏடிசி என்ற நான்கெழுத்து வரும் இடமெல்லாம் இரு இழைகளிலும் ஒரு மெத்தில் குழுவை ஒட்டிவைக்கும். நகலெடுத்தவுடன் பழைய இழையில் மெத்தில் இருக்கும், புதிய இழையில் இருக்காது. ‘இது இப்போதுதான் நகலானது’ என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா? செக்ஏ என்ற புரதம் இந்த அரைகுறை அடையாளத்தைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டு ஓரிசியை மூடிவிடும். சுழற்சியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் மூடியே இருக்கும். 245 எழுத்துகளுக்குள் ஜிஏடிசி தற்செயலாக வந்தால் ஒருமுறை வரலாம். ஓரிசியில் அது 11 முறை வருகிறது. காரணமில்லாமல் அவ்வளவு சேர்ந்திருக்காது.

இரண்டாவது, ஓடும் கவையே தொடக்கிவைத்த புரதத்தைச் சோர வைக்கிறது. கவையோடு டிஎன்ஏவைச் சுற்றி ஓடும் வளையம் ஒன்று உண்டு. அது டிஎன்ஏவில் ஏறியபின் எச்டிஏ என்ற புரதத்தோடு சேர்ந்து டிஎன்ஏஏ பிடித்திருக்கும் ஏடிபியை உடைக்கிறது. வேலை தொடங்கிவிட்டது என்ற செய்தியே தொடக்கத்தை நிறுத்துகிறது. மூன்றாவது, குரோமோசோமில் டேட்ஏ என்ற இன்னொரு இடம் டிஎன்ஏஏவைத் தன்னிடம் இழுத்து வைத்து, அங்கும் ஏடிபியை உடைக்க வழி செய்கிறது. அடுத்த சுற்றுக்கான நேரம் வரும்போது வேறு சில டிஎன்ஏ பகுதிகள் டிஎன்ஏஏவுக்குப் புது ஏடிபி கிடைக்க உதவுகின்றன.

பாக்டீரியாவை விட்டுக் கிளம்பும் முன் ஒரு விசித்திரத்தைப் பார்த்துவிடுங்கள். ஈ. கோலையின் கவை நொடிக்கு ஏறக்குறைய 1,000 எழுத்து ஓடும். பாதி வட்டத்தை முடிக்க சுமார் 40 நிமிடம். அதன்பின் செல் பிரிய இன்னும் 20 நிமிடம். ஆக மொத்தம் 60 நிமிடம். ஆனால் நல்ல ஊட்டத்தில் அது 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகிறது! இது எப்படிச் சாத்தியம்? 1968-இல் ஸ்டீபன் கூப்பரும் சார்லஸ் ஹெல்ம்ஸ்டெட்டரும் விடை தந்தார்கள். முந்தைய சுற்று முடியும் முன்பே அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. இப்போது பிரியும் செல்லுக்கு வேண்டிய நகலெடுப்பு 60 நிமிடம் முன்பு, அதன் பாட்டி பிறந்த நேரத்திலேயே தொடங்கிவிட்டது. அதே ஆண்டில் வில்லியம் டோனச்சி இன்னொன்றைக் கவனித்தார்: வளர்ச்சி வேகம் எதுவானாலும், தொடங்கும் தருணத்தில் ஒரு தொடக்கப்புள்ளிக்கு இவ்வளவு செல் எடை என்ற விகிதம் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. அதாவது பாக்டீரியா கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, தன் உடம்பின் அளவைப் பார்க்கிறது.

படி 2: உட்கரு உள்ள செல்லில் கேள்வி எப்படி மாறுகிறது என்று பாருங்கள்

ஒரே தொடக்கப்புள்ளி என்றால் அதை மூடிவைத்தால் போதும். பல்லாயிரம் புள்ளிகள், அவையும் வெவ்வேறு நேரத்தில் தொடங்குபவை என்றால்? சில புள்ளிகள் தொடங்கி முடித்துவிட்டன, சில இன்னும் காத்திருக்கின்றன. இரண்டும் ஒரே உட்கருவில், ஒரே திரவத்தில் மிதக்கின்றன. ‘தொடங்கு’ என்ற கட்டளை எல்லார் காதிலும் விழும். முடித்த புள்ளி மட்டும் ஏன் மறுபடி கிளம்புவதில்லை?

இதற்கான முதல் தடயம் 1970-இல் கிடைத்தது. பொட்டு ராவும் ராபர்ட் ஜான்சனும் வெவ்வேறு கட்டத்தில் இருந்த மனித செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்தார்கள். ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள். எஸ் கட்ட செல்லை ஜி1 கட்ட செல்லோடு ஒட்டியபோது, ஜி1 உட்கரு வழக்கத்தைவிட முன்னதாகவே நகலெடுக்கத் தொடங்கியது. ஆக, எஸ் கட்டத்தின் திரவத்தில் தூண்டும் பொருள் ஏதோ இருக்கிறது. அப்புறம் எஸ் கட்ட செல்லை ஜி2 செல்லோடு ஒட்டினார்கள். அதே திரவம், அதே தூண்டுதல். ஜி2 உட்கரு அசையவில்லை.

இந்தச் சோதனையை மாணவர்களுக்குச் சொல்லும்போது நான் இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். யோசித்துப் பாருங்கள்: தூண்டுதல் இருந்தும் ஜி2 உட்கரு தொடங்கவில்லை என்றால், ஜி1 உட்கருவிடம் இருந்த ஏதோ ஒன்று அதனிடம் இல்லை. நகலெடுக்கும்போதே அது செலவாகிப் போயிருக்க வேண்டும்.

1988-இல் ஜூலியன் ப்ளோவும் ரான் லாஸ்கியும் தவளை முட்டைச் சாற்றில் செய்த சோதனை இதற்குப் பெயர் கொடுத்தது. அந்தச் சாற்றில் உட்கரு ஒருமுறைதான் நகலாகும். உட்கருவின் உறையில் ஓட்டை போட்டால் மறுபடி நகலாகும். அவர்கள் சொன்ன விளக்கம்: டிஎன்ஏவில் ஒட்டும் ஒரு ‘உரிமம்’ இருக்கிறது. நகலெடுக்கும்போது அது செலவாகிவிடும். உறை திறக்கும்போதுதான், இயல்பான செல்லில் என்றால் பிரியும்போதுதான், புது உரிமம் உள்ளே வரும். உறை பற்றிய பகுதி பின்னால் திருத்தப்பட்டது. உரிமம் என்ற கருத்து அப்படியே நிலைத்துவிட்டது.

படி 3: உரிமம் வழங்கப்படுவதைப் பின்தொடருங்கள்

உரிமம் என்பது உண்மையில் என்ன? எம்சிஎம் என்ற ஹெலிகேஸ் வளையம். அதை டிஎன்ஏவில் மாட்டுவதுதான் உரிமம் வழங்குதல். இது செல் பிரிவின் கடைசியில் தொடங்கி ஜி1 முழுக்க நடக்கிறது.

முதலில் இடம் குறிக்கப்படுகிறது. ஓஆர்சி என்ற ஆறு புரதங்களின் கூட்டு டிஎன்ஏவில் போய் ஒட்டுகிறது. ஸ்டீபன் பெல்லும் ப்ரூஸ் ஸ்டில்மனும் இதை 1992-இல் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள். ரொட்டி ஈஸ்ட்டில் ஓஆர்சி ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப் பிடிக்கும். மனித செல்லில் அப்படிப் பொதுவான வரிசை எதுவும் இல்லை. டிஎன்ஏ எங்கே தளர்வாகத் திறந்திருக்கிறது, சுற்றியிருக்கும் புரதங்களில் என்ன அடையாளம் உள்ளது என்பதை வைத்தே இடம் அமைகிறது.

ஓஆர்சியோடு சிடிசி6 என்ற புரதம் சேர்கிறது. சிடிடி1 என்ற புரதம் எம்சிஎம் வளையத்தை அழைத்து வருகிறது. வளையம் ஆறு துண்டுகளால் ஆனது. எம்சிஎம்2-க்கும் எம்சிஎம்5-க்கும் நடுவே ஒரு வாசல் உண்டு. அதன் வழியே டிஎன்ஏ உள்ளே நுழைய, வாசல் மூடிக்கொள்கிறது. ஒரு வளையம் மாட்டியதும் இன்னொன்று எதிர்ப்பக்கமாக வந்து, இரண்டும் தலையோடு தலை முட்டி நிற்கின்றன. இரண்டு கவைகள் எதிரெதிராக ஓடப் போகின்றன என்பது இந்த இணையின் அமைப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இப்போது பாக்டீரியாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே முதலில் டிஎன்ஏ திறந்தது, பிறகு ஹெலிகேஸ் ஏறியது. இங்கே டிஎன்ஏ திறக்கவே இல்லை. மூடிய இரட்டை இழையைச் சுற்றி வளையம் மாட்டப்பட்டு, தூங்கிக்கொண்டிருக்கிறது. ஹெலிகேஸை மாட்டுவது ஒரு வேலை, அதை எழுப்புவது வேறு வேலை. இரண்டையும் இப்படிப் பிரித்து வைத்ததால்தான் அவற்றை வேறு வேறு நேரத்தில் செய்ய முடிகிறது. என் பார்வையில் இந்தத் துறையின் மையமே இதுதான்.

இன்னொன்று: செல் தேவைக்கு மேல் பல மடங்கு வளையங்களை மாட்டிவைக்கிறது. பெரும்பாலானவை பயன்படுவதே இல்லை. பக்கத்துப் புள்ளியிலிருந்து வரும் கவை அவற்றைக் கடந்து போகும்போது அகற்றிவிடுகிறது. வீணாகத் தோன்றும் இந்தக் கூடுதல் வளையங்கள் எதற்கு என்பது படி 6-இல் தெரியும்.

படி 4: ‘போகலாம்’ என்ற முடிவு

ஜி1-இல் உள்ள செல் வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் செய்திகளைக் கேட்கிறது. போதுமான செய்தி வந்தால் சைக்ளின் டி என்ற புரதம் சேர்ந்து, அதன் துணையோடு சிடிகே4, சிடிகே6 நொதிகள் வேலை செய்கின்றன (சிடிகே நொதிகள் இயங்க ஒரு சைக்ளின் துணை வேண்டும்). அவை ஆர்பி என்ற தடைப் புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டி அதன் பிடியைத் தளர்த்துகின்றன. பிடியிலிருந்து விடுபடும் இ2எஃப் என்ற புரதம், நகலெடுப்புக்கு வேண்டிய மரபணுக்களை இயக்குகிறது. ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் வளர்ச்சிச் செய்தி நின்றாலும் செல் திரும்பிப் போகாது. ஆர்தர் பார்டீ 1974-இல் சுட்டிக்காட்டிய எல்லை இது.

டிஎன்ஏ சேதமாகியிருந்தால் பி53 என்ற காவல் புரதம் எழுந்து பி21 என்ற புரதத்தை உண்டாக்கும். அது சிடிகேக்களைப் பிடித்து நிறுத்தும். ஓய்வுக்குப் போய்விட்ட செல்களில் எம்சிஎம்மும் சிடிசி6-உம் குறைந்துபோகும். அதனால் ஒரு திசுவில் எம்சிஎம் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்த்தே எந்தச் செல்கள் பெருகும் நிலையில் உள்ளன என்று சொல்லிவிடலாம்.

படி 5: தூங்கும் வளையம் எப்படி எழுகிறது

எழுப்ப இரண்டு நொதிகள் வேண்டும்: டிடிகே, சிடிகே. (இனி சிடிகே என்று சொல்வது படி 4-இல் பார்த்த குடும்பத்தில் எஸ் கட்டம் முதல் இயங்கும் உறுப்பினர்களை.) இரண்டும் பாஸ்பேட்டை ஒட்டுபவை. ஆனால் ஒட்டும் இடம் வேறு.

டிடிகே நேராக எம்சிஎம் வளையத்தின் வால்களில் பாஸ்பேட் ஒட்டுகிறது. அது எஸ்எல்டி3 என்ற புரதத்துக்குப் பிடிமானம் ஆகிறது. எஸ்எல்டி3, சிடிசி45 என்பதைக் கூட்டி வருகிறது. சிடிகேயோ எஸ்எல்டி2 என்ற புரதம், எஸ்எல்டி3 இரண்டிலும் பாஸ்பேட் ஒட்டுகிறது. அந்த பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்வது டிபிபி11 என்ற புரதம். இந்தக் கூட்டுதான் ஜின்ஸ் என்ற அடுத்த துண்டைக் கொண்டுவந்து சேர்க்கிறது. எம்சிஎம், சிடிசி45, ஜின்ஸ் மூன்றும் சேர்ந்ததும் சிஎம்ஜி என்ற முழு ஹெலிகேஸ் தயார். பெயர்கள் ஈஸ்ட்டின் பெயர்கள். மனித செல்லிலும் இவற்றுக்கு இணையானவை உண்டு, டிபிபி11-க்கு டாப்பிபி1 என்பதுபோல.

2007-இல் வந்த ஒரு முடிவு இந்தப் படத்தை உறுதியாக்கியது. இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஈஸ்ட்டில் எஸ்எல்டி2, எஸ்எல்டி3 இரண்டையும் பாஸ்பேட் ஒட்டியது போலவே நடந்துகொள்ளும்படி மாற்றி அமைத்தன. அப்போது எஸ் கட்டத்து சிடிகேயின் கட்டளை இல்லாமலே நகலெடுப்பைத் தொடங்கவைக்க முடிந்தது. ஒரு செல்லில் சிடிகே தொடும் புரதங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. நகலெடுப்பைத் தொடங்க அவற்றில் தவிர்க்க முடியாதவை இந்த இரண்டுதான்.

அடுத்து எம்சிஎம்10 என்ற தனிப் புரதம் வருகிறது (பெயர் ஒத்திருந்தாலும் இது வளையத்தின் துண்டு அல்ல). இதுவரை இரட்டை இழையைச் சுற்றி நின்ற ஒவ்வொரு வளையமும் ஒரு இழையை வெளியே தள்ளி, மற்றொன்றை மட்டும் உள்ளே வைத்துக்கொள்கிறது. இப்போது நடப்பதை மனக்கண்ணில் பாருங்கள். தலையோடு தலை முட்டி நின்ற இரு வளையங்கள் ஒன்றையொன்று விலகி ஓடுவதில்லை. ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து, பக்கவாட்டில் கடந்து, பிறகு தத்தம் வழியே போகின்றன. ஆளுக்கொரு இழையில் நிற்பதால்தான் இப்படிக் கடக்க முடிகிறது. இரண்டில் ஒன்று இழையை வெளியே தள்ளத் தவறினால் இரண்டும் மோதி நின்றுவிடும். தொடக்கம் அரைகுறையாக நடந்து ஒற்றைக் கவை மட்டும் கிளம்பாமல் இருக்க இதுவே ஒரு காவல். 2015-இல் தனித்தனியாகச் சுத்திகரித்த 16 காரணிகளை, மொத்தம் 42 புரதச் சங்கிலிகளை, சோதனைக் குழாயில் கலந்து ஈஸ்ட்டின் நகலெடுப்புத் தொடக்கத்தை அப்படியே நடத்திக் காட்டினார்கள். செல்லே தேவைப்படவில்லை.

படி 6: பூட்டு. இங்கே நிதானமாகப் படியுங்கள்

வளையத்தை எழுப்பும் அதே சிடிகே, புதிய வளையம் மாட்டுவதையும் தடுக்கிறது. இந்த ஒரு வரி பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து அமரும்.

ஒரு அரங்கை நினைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கவுன்டர் திறந்திருக்கும்வரை வாசல் மூடியிருக்கும். வாசலைத் திறக்கும் அதே சாவி கவுன்டரை மூடிவிடும். உள்ளே போகும்போது டிக்கெட் கிழிபடும். யார் போனார், யார் போகவில்லை என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம். கிழிந்த டிக்கெட்டோடு மறுபடி வருபவருக்குப் புது டிக்கெட் வாங்க கவுன்டரே இல்லை. ஜி1-இல் சிடிகே குறைவு: உரிமம் கிடைக்கும், தொடங்க முடியாது. எஸ் முதல் எம் வரை சிடிகே அதிகம்: தொடங்கலாம், உரிமம் கிடைக்காது. முதலில் கேட்ட கேள்விக்கு விடை வந்துவிட்டது. வளையம் கவையோடு ஓடிப்போய்விட்ட இடம் ‘முடிந்தது’, வளையம் இன்னும் நிற்கும் இடம் ‘பாக்கி’. டிஎன்ஏவே பதிவேடு.

ஈஸ்ட்டில் சிடிகே மூன்று வழியில் கவுன்டரை மூடுகிறது. சிடிசி6-ஐ அழிக்கச் செய்கிறது. எம்சிஎம்மை உட்கருவிலிருந்து வெளியேற்றுகிறது. ஓஆர்சியில் பாஸ்பேட் ஒட்டி அதன் திறனைக் குறைக்கிறது. ஒன்றை மட்டும் உடைத்தால் செல் சமாளித்துக்கொள்கிறது. 2001-இல் மூன்றையும் ஒன்றாக உடைத்தபோதுதான் அதே சுழற்சிக்குள் டிஎன்ஏ மறுபடி நகலாவது தெளிவாகத் தெரிந்தது.

விலங்கு செல்கள் முக்கியமாக சிடிடி1-ஐக் குறிவைக்கின்றன. இதில் இருவர் முறை மாற்றிக் காவல் காக்கிறார்கள். எஸ் கட்டத்தில், ஓடும் கவையோடு இருக்கும் பிசிஎன்ஏ என்ற வளையத்தில் சிடிடி1 வந்து ஒட்டும். ஒட்டிய இடத்திலேயே அதற்கு ‘அழி’ என்ற யுபிக்விட்டின் அடையாளம் குத்தப்பட்டு அது நொறுக்கப்படும். பாக்டீரியாவில் பார்த்த அதே புத்தி: நடக்கும் வேலையே அடுத்த தொடக்கத்தைத் தடுக்கிறது. எஸ் முடிந்ததும் கவைகள் இருக்காது, இந்தக் காவல் ஓய்ந்துவிடும், சிடிடி1 மறுபடி தலைதூக்கும். ஆனால் அதற்குள் ஜெமினின் என்ற புரதம் நிறையச் சேர்ந்திருக்கும். 1998-இல் கண்டறியப்பட்ட இது சிடிடி1-ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. செல் பிரியும்போது ஏபிசி என்ற அழிப்புக் கூட்டு சைக்ளின்களையும் ஜெமினினையும் ஒன்றாக அழிக்கிறது. சிடிகே விழுகிறது, சிடிடி1 விடுதலையாகிறது, புது உரிமம் வழங்குவது தொடங்குகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபுச்சி என்ற முறையை 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சிடிடி1-இன் ஒரு துண்டோடு சிவப்பு ஒளிரும் புரதத்தையும், ஜெமினினின் ஒரு துண்டோடு பச்சை ஒளிரும் புரதத்தையும் இணைத்தார்கள். நுண்ணோக்கியில் ஜி1 செல்லின் உட்கரு சிவப்பாகத் தெரியும். எஸ் கட்டத்துக்குள் கால் வைக்கும்போது இரண்டும் கலந்து மஞ்சளாகும். பிறகு பச்சை. செல் இரண்டாகப் பிரியும்போது பச்சை அணைந்துபோகும், சற்று நேரத்தில் இரண்டு மகள் செல்களிலும் சிவப்பு மெல்ல ஏறும். நான் முதல்முறை அப்படி ஒரு காணொளியைப் பார்த்தபோது அன்று வேறு எந்த வேலையும் ஓடவில்லை. பாடப்புத்தகத்தில் அம்புக்குறியாக இருந்தது கண் முன்னால் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

கவுன்டர் மூடிய பிறகு ஒரு ஆபத்து உண்டு. இரண்டு கவைகள் வழியில் பழுதாகி நின்றுவிட்டால் நடுவில் உள்ள பகுதி நகலாகாமல் போகும். புது வளையம் மாட்டவும் முடியாது. அங்கேதான் படி 3-இல் வீண் என்று தோன்றிய வளையங்கள் கைகொடுக்கின்றன. நடுவில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்று எழுந்து அந்த இடைவெளியை முடித்துவிடும்.

படி 7: எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை

மரபணுக்கள் மும்முரமாக இயங்கும் தளர்வான பகுதிகள் எஸ் கட்டத்தின் முன்பாதியில் நகலாகும், இறுக்கமாகச் சுருண்ட பகுதிகள் பின்பாதியில். பெண் செல்களில் அணைத்து வைக்கப்பட்ட எக்ஸ் குரோமோசோம் கடைசியில் முடிபவற்றில் ஒன்று. எழுப்பும் காரணிகள் (எஸ்எல்டி2, எஸ்எல்டி3, டிபிபி11, டிடிகேயின் ஒரு பகுதியான டிபிஎஃப்4) எண்ணிக்கையில் குறைவு. முதலில் எட்டுபவை எடுத்துக்கொள்ளும், அவை விட்ட பிறகு அடுத்தவை. பின்தங்க வேண்டிய பகுதிகளில் ஆர்ஐஎஃப்1 என்ற புரதம், டிடிகே ஒட்டிய பாஸ்பேட்டை நீக்கும் நொதியைக் கூட்டிவந்து வைக்கிறது. கவைகள் பரவலாகத் தடுமாறினால் ஏடிஆர் என்ற எச்சரிக்கை நொதி இன்னும் கிளம்பாத பகுதிகளை நிறுத்திவைத்து, உள்ள வேலையை முதலில் முடிக்கச் சொல்கிறது.

படி 8: பிசகினால் என்ன ஆகும்

உரிமம் குறைந்தால் ஒரு மாதிரி, கூடினால் வேறு மாதிரி. ஓஆர்சி1, ஓஆர்சி4, ஓஆர்சி6, சிடிடி1, சிடிசி6 மரபணுக்களில் ஏற்படும் மாற்றங்கள் மெய்யர்-கோர்லின் என்ற அரிய நோய்க்குக் காரணம் என்று 2011-இல் தெரியவந்தது. இந்தக் குழந்தைகள் உயரம் மிகக் குறைவாக, சிறிய காதுகளோடு, முழங்கால் சில்லு சிறுத்தோ இல்லாமலோ பிறக்கிறார்கள். உரிமம் கூடினால், ஒரே பகுதியில் கவைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தி டிஎன்ஏ உடையும், மரபணுக்கள் பல பிரதிகளாகும். இது புற்றுநோய்க்குப் போகும் பாதை. படி 4-இல் பார்த்த எல்லையில் கைவைக்கும் மருந்துகளும் உண்டு: சிடிகே4, சிடிகே6 இரண்டையும் தடுக்கும் பால்போசிக்லிப் 2015-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

படி 9: உங்கள் தரவில் இதைப் படிப்பது எப்படி

ஆய்வகத்தில் இதை முதலில் சந்திப்பது பெரும்பாலும் ஃப்ளோ சைட்டோமெட்ரி வரைபடத்தில்தான். டிஎன்ஏவில் ஒட்டும் சாயத்தை ஏற்றி, ஒவ்வொரு செல்லும் எவ்வளவு ஒளிர்கிறது என்று அளக்கிறோம். ஒரு செட் குரோமோசோம்களின் டிஎன்ஏ அளவை 1சி என்று குறிப்போம். 2சி-இல் ஒரு கூம்பு (ஜி1 செல்கள்), 4சி-இல் ஒரு கூம்பு (ஜி2, எம் செல்கள்), நடுவில் தாழ்வான மேடு (எஸ் செல்கள்).

4சி-க்கு வலப்பக்கம் ஏதாவது தெரிந்தால் அவசரப்பட்டுப் பூட்டு உடைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். முதலில் இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் பதிவானதா என்று பாருங்கள். சமிக்ஞையின் உயரத்தையும் பரப்பையும் ஒப்பிட்டு அவற்றை விலக்கலாம். அதன்பின் வடிவத்தைக் கவனியுங்கள். 8சி, 16சி என்று கூர்மையான கூம்புகள் இருந்தால் அந்தச் செல்கள் பிரியாமலே முழுச் சுற்றுகளை நகலெடுத்திருக்கின்றன. பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும், ரத்தத் தட்டுக்களை உண்டாக்கும் பெரிய செல்களிலும் இது இயல்பாகவே நடக்கிறது. அங்கும் சிடிகே ஒவ்வொரு சுற்றுக்கும் விழுந்து எழுகிறது, உரிமம் முறையாகவே வழங்கப்படுகிறது. பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. மாறாக, கூம்பே இல்லாமல் 4சி-இலிருந்து வலப்பக்கம் சாய்வாக இழுபட்ட வால் போலத் தெரிந்தால், சில பகுதிகள் இரண்டு முறை, சில மூன்று முறை, சில ஒரே முறை நகலாகியிருக்கின்றன. ஜெமினினை நீக்கிய செல்களில் தெரிவது இந்த வால்தான். அதைக் கண்டால் அடுத்து சிடிடி1-இன் அளவையும், டிஎன்ஏ முறிவைக் காட்டும் காமா-எச்2ஏஎக்ஸ் குறியையும் அதே மாதிரியில் அளந்து பாருங்கள்.